மேடத்தின் இருமல்

“மணி பத்தே கால். இதுதான் வர்ற நேரமா?”

“மன்னிச்சிடுங்க மேடம். குளிச்சுட்டு வர நேரமாயிடுச்சு.”

“தினம் ஒரு சாக்கு! உட்காருங்க. மத்தியானத்துக்குள்ள இந்த ஃபைல் முடிஞ்சாகணும்.”

அவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஃபைலைத் திறந்தார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பியதுதான் தாமதம், அடியில் ஒளித்திருந்த வெள்ளைத்தாளை உருவிக் கதை எழுத ஆரம்பித்தார். மேடத்துக்கு ஒரு பழக்கம். இந்தப் பக்கம் திரும்புவதற்கு முன் லொக்கென்று இருமுவார். அதற்குள் தாள் ஃபைலுக்குள் போய்விடும்.

“வேலை நடக்குதா?”

“மும்முரமா நடக்குது மேடம்.”

இப்படித் திருட்டுத்தனமாகவே மூன்று பக்கம் ஓடிவிட்டது.

“மணி ஒண்ணு. சோறு ஆறுது” என்றபடி, ஃபைலில் இருந்த பழைய மருந்துச் சீட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்தாள் அவர் மனைவி.

இளமையில் அவர் எழுதிய கதைகள் அத்தனையும் மேனேஜர் கண்ணில் மண்ணைத் தூவி ஆபீஸில் எழுதியவை. அவரே மேனேஜரானதும் எழுத்து நின்றுபோனது. ரிட்டயரான பிறகு தனி அறை, புது மேசை, கப்சிப்பென்று வீடு எல்லாம் கிடைத்தும், நாலு மாதமாக ஒரு வரி நகரவில்லை. போன வாரம்தான் அவள் இந்த ஆபீஸைத் திறந்தாள்.

“இன்னும் நாலே வரிதான்…” என்று உளறிவிட்டு, அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் தட்டை மூடி வைத்துவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எழுதுங்க. நான் இன்னும் இருமலையே.”