குட்டைக் கொம்புப் பிறை

யாக்கோபு ஸ்பேனரோடு வந்துவிட்டார்.

"கழட்டிருவோம் மிக்கேலு. திருவிழாவுக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. பள்ளிவாசல் பிறையை மாதா காலடியில வச்சுக்கிட்டு நாம எப்படி ஜெபமாலை சொல்றது?"

மிக்கேல் மாதா சிலை இருக்கும் சின்னக் கல்குகையின், கெபியின், கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

தேவிகுளத்துக்குக் கீழே, அந்த எஸ்டேட்டில் வெல்டிங் பட்டறை என்றால் மிக்கேல் பட்டறை ஒன்றுதான். போன மழையில் மண் சரிந்து கெபி பாதி போயிற்று. மாதா சிலையைச் சேற்றிலிருந்து முழுசாக எடுத்துவிட்டார்கள். அவள் காலடியில் இருந்த பித்தளைப் பிறைதான் கிடைக்கவே இல்லை. புதுப் பிறை என் நேர்ச்சைக் காணிக்கையாக இருக்கட்டும் என்று மிக்கேல் தானே கேட்டு வாங்கிச் செய்தார். அதற்குக் கிடைத்த மரியாதைதான் இந்த ஸ்பேனர்.

கோயில் கமிட்டித் தலைவர் யாக்கோபு மண் சரிந்த பிறகுதான் கம்பம்மெட்டிலிருந்து மாற்றலாகி வந்தார். பழைய பிறையைப் பார்த்தவரில்லை. பார்த்தவர்களும் பூமாலையைத்தான் பார்த்தார்களே தவிர, பிறையை யார் உற்றுப் பார்த்தார்கள்? யாக்கோபுக்குக் கண் கூர்மை. புதுப் பிறையில் இடது கொம்பு ஒரு விரற்கடை குட்டை. பள்ளிவாசல் உச்சியில் இருப்பதற்கும் அதே கொம்பு, அதே குட்டை. போன மாதம் மிக்கேல் அந்த உச்சியில் ஏறி நின்றதையும் அவர் பார்த்திருந்தார்.

"அங்க ஏறி அளவெடுத்தீரா இல்லையா? அதை மட்டும் சொல்லும்."

"எடுத்தேன் அண்ணாச்சி."

கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிக்கேலின் மனைவி கத்தரீனாள் தலையில் அடித்துக்கொண்டாள். எடுத்தேன் என்று சொன்ன மனுஷன் ஏன் எடுத்தேன் என்பதையும் சொல்லித் தொலைக்கக் கூடாதா?

சொல்லலாம்தான். சொன்னால் இங்கே தப்பிப்பார், அங்கே மாட்டிக்கொள்வார்.

பதினைந்து வருடத்துக்கு முன் பள்ளிவாசல்காரர்கள் பிறை செய்யச் சொன்னபோது, அளவு என்று எதையும் தரவில்லை. பார்க்க நன்றாக இருந்தால் போதும் என்றார்கள். மிக்கேல் அறிந்த பிறை, ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்க்கிற மாதாவின் பிறை ஒன்றுதான். அதனடியில் ஓர் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, அதே அளவில் வெட்டிவிட்டார். சிலைப் பிறையின் இடது கொம்பு எந்தக் காலத்திலோ முறிந்து குட்டையாகியிருந்தது. அதுவும் அப்படியே வந்துவிட்டது. உச்சியில் ஏற்றிய பிறகுதான் அவருக்கே அது கண்ணில் பட்டது.

அன்று பிடித்த பயம். மாதா காலடியில் அளவெடுத்ததைத் தங்கள் உச்சியில் வைத்துவிட்டான் என்று தெரிந்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? இத்தனை வருடம் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகியது என்ன ஆகும்? அதனால்தான் இப்போது மாதாவின் அளவைத் திருப்பி எடுக்கக்கூட, பிறையைத் துடைத்துத் தருகிறேன் என்று பொய் சொல்லி ஏறினார்.

யாக்கோபு குனிந்து முதல் போல்ட்டைத் தளர்த்தினார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசல் செயலாளர் மீரான் வந்து நின்றார். கக்கத்தில் பழுப்பேறிய அட்டை ஒன்று. மிக்கேல் பார்த்ததுமே கண்டுகொண்டார். அன்றைக்குக் கோடு போட்டு, பிறகு பிறையைப் பொதிந்தும் கொடுத்த அதே அட்டை. அதில் அவர் கையெழுத்திலேயே 'மாதா கால் பிறை' என்று எழுதியிருந்தது. பொதியும்போது எழுத்தைக் கவனிக்காத புத்திசாலி அவர்.

"மிக்கேலண்ணே, புதுப் பிறையைப் பார்த்ததுமே விளங்கிருச்சு, நீங்க துடைக்க ஏறலன்னு. கேட்டிருந்தா இதையே குடுத்திருப்பேன்ல. இந்த வயசுல எதுக்கு அம்புட்டு உசரம் ஏறுனீக?"

"மீரான், உங்களுக்கு இது தெரியுமா?" என்றார் மிக்கேல்.

"பொதியைப் பிரிச்ச அன்னைக்கே தெரியும்."

அன்றைக்குப் பள்ளிவாசலிலும் நாலு பேர் குதித்தார்களாம். அப்போது அங்கே வேதம் சொல்லிக்கொடுத்த உஸ்தாதுதான் அவர்களை உட்கார வைத்தாராம். பிறை வைக்கச் சொல்லி நம் வேதத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டாராம். நபி காலத்தில் இப்படி ஓர் அடையாளமே கிடையாது, வெகுகாலம் கழித்துத் துருக்கி சுல்தான்களின் கொடியிலிருந்துதான் ஊர் ஊராகப் பரவியது, அவர்களுக்கும் முந்தி யார் யாரோ தங்கள் காசில் பொறித்துக்கொண்ட நிலா அது, யாரும் தனக்கு மட்டும் என்று பட்டா போட முடியாது என்றாராம்.

"அதோட விடல அண்ணே. 'அவங்களோட மாதாதான் நம்ம மரியம். இது மரியம் காலடியில இருந்து வந்திருக்கு, அவங்க பேருல நம்ம வேதத்துல ஒரு அத்தியாயமே இருக்கு, பேசாம ஏத்துங்க. மிக்கேல்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க, பாவம், பயந்துருவாரு'ன்னாரு. நாங்களும் விடல."

மிக்கேலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நெஞ்சு லேசாகி, கெபிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்தரீனாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீரான் அப்போதுதான் ஸ்பேனரைக் கவனித்தார். விஷயம் விளங்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அண்ணாச்சி, இதைக் கழட்டுறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. எங்க உச்சியில இருக்கறதை இறக்கிக் கொண்டாந்து தர்றோம். திருவிழா அன்னைக்கு மாதா காலடி வெறுமனே இருக்க வேணாம்."

யாக்கோபு மறுபடி குனிந்து, தளர்த்தி வைத்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். மிக்கேல் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஸ்பேனர் இந்தத் தடவை வலப்பக்கமாகச் சுற்றியது; போல்ட் இறுகியது.