சம்பந்தியம்மா

"அம்மா, கல்யாணத்தன்னிக்கு மட்டும் இந்தச் சுருக்குப் பாவாடையும் தொப்பியும் வேண்டாம்மா," என்றாள் நெல்வா.

பொலிவியாவின் லா பாஸ் சந்தையில், தன் அய்மாரா பழங்குடி உடையிலேயே உருளைக்கிழங்கு விற்கும் ஹுஸ்தாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"பின்ன எதைடி போட்டுக்கிட்டு வர்றது?"

"கவுன் வாங்கி வச்சிருக்கேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெள்ளைக்காரப் பரம்பரை, பெரிய இடம். அவரோட அம்மா உன்னைப் பார்த்து முகம் சுளிச்சா என்னால தாங்க முடியாது. இந்த ரெட்டைச் சடையும்..."

"சடை என்னடி பண்ணுச்சு?"

நெல்வா அழுதாள். சம்பந்தி வீட்டாரை ஹுஸ்தா அதுவரை பார்த்ததில்லை. மகள் பார்க்க விட்டதும் இல்லை.

மறுநாளே ஹுஸ்தா இடுப்புவரை தொங்கிய சடைகளைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று, கவுன் காலைத் தடுக்க, தேவாலயத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மணப்பெண் இன்னும் வந்து சேரவில்லை. முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு இவளிடம் வந்தாள்.

"நான் மாப்பிள்ளையோட அம்மா. நீங்க பொண்ணு வீடா? அவங்கம்மாவைத்தான் தேடறேன். பாவாடை, தொப்பியோட வருவாங்கன்னு பையன் சொன்னான். என் பக்கத்துலயே இடம் போட்டு வச்சிருக்கேன். அவங்க பாஷையில வரவேற்கணும்னு அய்மாரா கூடக் கத்துக்கிட்டேன். அவங்களைப் பார்த்தீங்களா?"

ஹுஸ்தாவின் கை வெறும் பிடரியைத் தடவியது. மகள் சொல்லித்தான் இந்த வேஷம் என்று தெரிந்தால் அவள் தலைகுனிவாள்.

"இல்லீங்க," என்றாள். "அவங்க வரலை."