ராட்சசப் பல்லிக்குப் பெயர் வைத்த நாள்

"பெரியோர்களே, தாய்மார்களே, ஏழு கோடி ஆண்டுகளாக மனித குலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அறிவிப்பை இன்று உங்கள் முன் வைக்கிறேன்..."

கண்ணாடி முன் நின்று, சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார் குவாரி முதலாளி.

"அப்ப மனுஷனே கிடையாதுங்க," என்றாள் அவர் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி. "மியூசியத்து டாக்டரம்மா சொன்னாங்க."

"இல்லாட்டி என்ன? பொறந்த நாள்லேருந்து காத்திருந்தான்னு வெச்சுக்கோ."

விஷயம் இதுதான். மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய சுண்ணாம்புக்கல் குவாரியில் ஓர் எலும்புக்கூடு அகப்பட்டது. ஒரு காலத்தில் கடலில் திரிந்து, எதிரில் வந்ததையெல்லாம் விழுங்கிய ராட்சசப் பல்லி. முப்பதடி நீளம். வாய் மட்டுமே நாலடி.

"வாயைப் பார்த்தா நம்ம வீட்டாளுதான்னு தெரியுது," என்று மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அருங்காட்சியகத்து டாக்டரம்மா தோண்டி எடுக்க அனுமதி கேட்டு வந்தபோது முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என் பேரை வைக்கணும்."

"வைக்கிறேன் சார். ஆனா நல்லா யோசிச்சுக்குங்க. எங்க துறையில ஒருதரம் வெச்ச பேரை அப்புறம் யாராலும் அழிக்க முடியாது."

முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் பெயர் பல இடங்களில் இருந்தது. பேருந்து நிழற்குடையில் பாதியை மழை கழுவிவிட்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் நோயாளிகளின் முதுகே தேய்த்துத் தீர்த்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் துரு தின்றது போக ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் மிச்சம். அழியாத இடம் ஒன்று கடைசியில் கிடைத்தே விட்டது.

"இதை முதல்ல பார்த்தது யாரு சார்?" என்று டாக்டரம்மா நோட்டைத் திறந்தார்.

"வேற யாரு? நான்தான்."

உண்மையில் அன்றைக்கு அவர் முதலில் பார்த்தது, ஓடாமல் நின்ற பொக்லைன் இயந்திரத்தைத்தான். "கல்லை வேடிக்கை பார்க்கவா உன்னை வேலைக்கு வெச்சிருக்கேன்?" என்று அதை ஓட்டும் பெண்ணைக் காய்ச்சி எடுத்தார். அவள் கையை நீட்டிக் காட்டிய பிறகே பாறையில் துருத்திய பல்லைப் பார்த்தார். இந்தச் சில்லறை விவரமெல்லாம் அறிவியலுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

போன மாதம் எலும்பைப் பார்க்கப் போனவரிடம், தூரிகையால் தூசி தட்டிக்கொண்டே டாக்டரம்மா சொன்னார்: "நல்ல சாவு சார் இதுக்கு. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுத்தான் போயிருக்கு."

"எங்க பரம்பரையில யாரும் வெறும் வயித்தோட போனதில்லைம்மா."

திறப்பு விழா மண்டபத்தில் முதல் இரண்டு வரிசையும் முதலாளியின் சொந்தபந்தம். மைத்துனன் தனியாக ஒரு போட்டோக்காரரைக் கூட்டி வந்திருந்தான். சம்பந்தி, திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால் நுனியைப் பார்த்து, "நம்ம சம்பந்தி மாதிரியே என்ன ஒரு கம்பீரம்" என்றார்.

முதலாளி பெருமிதத்தோடு பின்னால் திரும்பினார். கதவோரம் பொக்லைன்காரி நின்றிருந்தாள்.

"நீ எங்க இங்க? மெஷினை யாரு ஓட்டுறா?"

"லீவு போட்டிருக்கேன் சார். டாக்டரம்மா வரச் சொன்னாங்க."

"சரி சரி, ஓரமா உக்காரு. போட்டோவுல விழுந்துடாதே."

திரை விலகியது. மண்டபமே வாயைப் பிளந்தது. மேலேயிருந்து தொங்கிய ராட்சசன் அதைவிடப் பெரிதாகப் பிளந்திருந்தான். கீழே பித்தளைத் தகடு. டாக்டரம்மா அதிலிருந்த பெயரை நிறுத்தி நிதானமாகப் படித்தார். கடைசியில் லத்தீன் வால் ஒன்று ஒட்டியிருந்தாலும், நடுவில் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் பெயர்.

கைதட்டத் தூக்கிய முதலாளியின் கைகள் பாதியில் நின்றன. "யாரு பேருடி இது? அச்சுல தப்பு பண்ணிட்டாங்களா?"

"நம்ம பொக்லைன்காரி பேருங்க. ஏழு வருஷமா நம்மகிட்டதானே வேலை பார்க்குறா. நீங்க கேட்டதே இல்லையா?" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி.

"முதல்ல பார்த்து, ஓர் எலும்புகூட உடையாம மெஷினை நிறுத்தினவங்க இவங்கதான்," என்று டாக்டரம்மா கைகாட்டினார். "பக்கத்துல நின்ன எல்லாரும் சொன்னாங்க."

பொக்லைன்காரி எழுந்தாள். கைகளை எங்கே வைப்பதென்று முதலில் தெரியவில்லை. பிறகு பின்னால் கட்டிக்கொண்டு, அந்த முப்பதடியையும் தலையிலிருந்து வால் வரை, தன் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். மண்டபம் அதிரக் கைதட்டியது. முதல் இரண்டு வரிசை மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தட்டியது.

முதலாளியால் பொறுக்க முடியவில்லை. எழுந்தே விட்டார். "அப்ப என் பேரு? வாக்குக் குடுத்தீங்களே டாக்டரம்மா."

"மறப்பேனா சார்? உங்களோடதும் புது இனம்தான். உலகத்துல இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லை."

முதலாளியின் மார்பு மறுபடி விரிந்தது. மைத்துனன் போட்டோக்காரரை முன்னால் தள்ளினான். டாக்டரம்மா ஒரு பொத்தானை அழுத்த, ராட்சசனின் விலா எலும்புகளுக்கு நடுவே சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. எல்லோரும் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள்.

"விரல் நீளம்தான் சார், பல்லும் கிடையாது. அது கடைசியா முழுங்கின மீன்."

அந்தப் பெயரை இனி யாராலும் அழிக்க முடியாது.