மூத்த ராணி

“அவளக் கொன்னது தப்பு தங்கச்சி. இன்னும் நேரம் இருக்கு, மாத்திருங்க.”

வந்தவள் இதைச் சொன்னபோது யோகப்பிரியாவின் கையில் மருதாணி பாதிதான் காய்ந்திருந்தது. வாசலில் எலப்புள்ளி ஊர் வெயிலில் பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். நாளை மறுநாள் கல்யாணம். இன்றைக்குப் பார்த்தா இப்படி ஒரு வாசகி வந்து வாய்க்க வேண்டும்!

“அது கதைதானுங்க அக்கா,” என்று சிரித்து வைத்தாள்.

யோகப்பிரியா போனில் வாராவாரம் எழுதும் மாயாஜாலத் தொடர்கதைக்கு ஏகப்பட்ட வாசகர்கள். மூத்த ராணி பனிமலையிலிருந்து விழுந்து செத்த அத்தியாயத்துக்குப் பிறகு, அவர்களில் ஒருத்தி மட்டும் ஒவ்வொரு வாரமும் ‘ராணி சாகல’ என்று அதே வரியையே எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மாரீஸ்வரிதான் இப்போது, கதைக்குக் கீழே யோகப்பிரியா போட்டிருந்த கல்யாண அழைப்பைப் பார்த்துவிட்டு, பள்ளிவாசல் என்ற மலையூரிலிருந்து பஸ் பிடித்து, வீடு விசாரித்து வந்து, மடங்காத காலை நீட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

“ஆரு கண்ணு அது?” சமையலறையிலிருந்து அம்மா கமலாத்தாள் குரல் கொடுத்தாள்.

“கதை படிக்கிறவங்கம்மா!”

“சீக்கிரம் அனுப்பிச்சுட்டு வா. மாப்ள இப்ப வந்துருவாரு, சேலைக்கு மேட்ச் பாக்கோணும்னாரு.”

மாரீஸ்வரி எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

“சேனாதிபதி இடும்பாரிய எனக்குப் புடிக்கவே இல்ல. ராசா கண்ணக் காட்டுனாப் போதும், ஊரையே கொளுத்திருதான். முகிலிய சூனியக்காரின்னு ஊரே ஏசுது. ஆனா அந்த அரமனையில நெசம் பேசுதவ அவ ஒருத்திதான்.”

யோகப்பிரியாவுக்கு எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. எழுதுகிறவர்களின் பலவீனமே இதுதான். கத்தியோடு வந்தவனாக இருந்தாலும், கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசினால் உட்கார வைத்து மோர் கொடுத்துவிடுவார்கள்.

“செரி, ராஜா பூபதி? அவருதானுங்க கதாநாயகன். அவரப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?”

மாரீஸ்வரி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். “அவுக நல்லாப் பேசுவாக. அழுதாகன்னா யாராலயும் நம்பாம இருக்க முடியாது. அதான் பயம்.”

“இளைய ராணி?”

“பாவம், நல்ல புள்ள. எது சொன்னாலும் நம்புது. ஒங்க கதையில அடுத்த வாரம் அதுக்குத்தான கல்யாணம்?” அவள் குரல் தணிந்தது. “அது நடக்கக் கூடாது தங்கச்சி. நான் நடக்க விடமாட்டேன்.”

சொல்லிக்கொண்டே துணிப்பைக்குள் கையை விட்டாள். வாசலில் கம்பு அடிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. பந்தல்காரர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். யோகப்பிரியா அம்மாவைக் கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தாள்.

பையிலிருந்து வெளியே வந்தது ஒரு வெல்லப் பொட்டலம்.

“மறையூர் வெல்லம். கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா? வாயில போடுங்க.”

யோகப்பிரியா பொட்டலத்தைத் தொடவில்லை. மாரீஸ்வரி ஒரு துண்டு உடைத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். “வெசம் இல்ல.”

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க யோகப்பிரியா ரொம்பவும் சிரமப்பட்டாள். “அக்கா, எனக்கு வேல கெடக்குதுங்க...”

“ஒண்ணே ஒண்ணு. ராணி பனியில கால் தவறிட்டா, ஒத்தச் செருப்பு மட்டும் பாறை மேல கெடந்துச்சுன்னு எழுதிருக்கீகளே. அத ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“ஆரும் சொல்லலீங்க. கற்பனதான்.”

“கீழ வெறும் பாறைன்னு எழுதிட்டீக. அந்த எடத்துல கீழ தேயிலக் காடு. கவாத்து வெட்டாம அடர்ந்து கெடக்குத பழைய செடிக, விழுந்தவளத் தாங்கிக்கிடும். ராணி உசுரோடதான் இருப்பா. திரும்பி வந்தா மறுக்கா தள்ளிவிடுவாகன்னு இத்தன நாளும் ஒளிஞ்சு கெடந்திருப்பா. இளைய ராணி கல்யாணச் சேதி கேட்டா மட்டும் அவளால இருக்க முடியாது.”

வாசலில் கார் வந்து நின்றது. “வாங்க பூபதி மாப்ள!” என்று அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ஓடினாள்.

மாரீஸ்வரி சட்டென்று எழுந்து, காலை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒண்டினாள். இவ்வளவு நேரம் மிரட்டுகிறவள் மாதிரிப் பேசியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதையில் வரும் ராஜாவுக்கு யோகப்பிரியா ஆசையாக வைத்தது மாப்பிள்ளையின் பேரைத்தான். அந்த ஒற்றைச் செருப்பும் கற்பனையில்லை. ரெண்டாந்தாரம் என்று அம்மா தயங்கிய அன்றைக்கு, மூணாறு பக்கம் மலையில் முதல் சம்சாரத்தைப் பறிகொடுத்த கதையை பூபதிராஜா இதே கூடத்தில் உட்கார்ந்து சொன்னான். சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதான்.

செருப்புச் சத்தம் படியேறியது.

“அக்கா,” யோகப்பிரியா கதவருகே போய்க் கேட்டாள். “இடும்பாரி, முகிலின்னு மத்தவங்களயெல்லாம் பேர் சொல்லிப் பேசுனீங்க. ராஜா பேர மட்டும் ஒருக்காக்கூடச் சொல்லலியே, ஏனுங்க?”

கதவிடுக்கில் வாசலைப் பார்த்தபடியே அவள் கிசுகிசுத்தாள்.

“தாலி கட்டுனவுக பேரச் சொல்லக் கூடாதுல்ல தங்கச்சி.”