கதவு மாட்டிய வீடு

பூச்சுக்காரர் பின்னறை மூலையில் முதுகைச் சாய்த்து நின்றவர் நின்றவர்தான். அசையவில்லை.

முன்னறையில் அவர் மனைவி ஒவ்வொரு கதவாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வீட்டுத் தரகன் அவள் பின்னாலேயே வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனான்.

"புத்தம் புது வீடுக்கா. ஒரு ஈ காக்கா குடியிருந்ததில்ல. கட்டினவர் கையிலேர்ந்து நேரா உங்க கைக்கு."

அதைக் கேட்டதும் பூச்சுக்காரர் முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இங்கே வந்ததே. மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் பார்த்த வீடுகளை எல்லாம் அவள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். எல்லாம் ஆட்கள் குடியிருந்து விற்கிற வீடுகள்.

அதில் ஒன்று அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெயிலும் மழையும் பார்த்து முடித்த சுவர், இனிமேல் புதிதாக விரிய ஒன்றுமில்லை. குழாயில் தண்ணீர் வருமா வராதா என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. பின்னால் நிழலுக்கு ஒரு மரம்கூட நின்றது. அவள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். மேடைக்கு மேலே புகை படிந்திருந்தது. அவ்வளவுதான், விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள்.

"இன்னொருத்தி அடுப்பு எரிச்ச வீடு எனக்கு வேணாம்."

ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். இந்த வயசில் இப்படி ஒரு பிடிவாதமா என்று மகளே சலித்துக்கொண்டாள். இன்றைக்கும் வெறுங்கையோடு வந்தால் நானே ஒரு பழைய வீட்டைப் பேசி முடித்துவிடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

மற்ற வீடுகளில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தவள் இங்கே சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். அப்பாடா என்று அவருக்கு இருந்தது. அந்த நிம்மதியோடு பின்னறைக்குள் வந்தார். வந்த இடத்தில் மூலையில் அது கண்ணில் பட்டது.

தரையிலிருந்து தோள் உயரத்துக்கு, புது வெள்ளைக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரு கறை எட்டிப் பார்த்தது. வேறு யாராவது பார்த்தால் ஈரம் என்பார்கள். ஈரம் இல்லை. புகை. சுரண்டி எடுக்காமல் எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் அது வெளியே வந்தே தீரும். கீழே மூன்று செங்கல்லை வைத்து யாரோ மாசக்கணக்கில் இங்கே சமைத்திருக்கிறார்கள்.

அவர் யோசிக்கவில்லை. போய்ச் சாய்ந்துவிட்டார்.

இப்போது முதுகு அரித்தது. கால் மரத்துப்போய் மறு காலுக்கு மாறினார். அது மரத்ததும் பழைய காலுக்கே வந்தார். கட்டினவளையே ஏமாற்றுகிறோமே என்று ஒரு மனசு. மாதக் கடைசி வந்துவிட்டதே என்று ஒரு மனசு. இரண்டும் உள்ளே கட்டிப் புரண்டன.

தரகன் தலையை நீட்டினான். "என்னண்ணே, நீங்க நகர்ந்தா செவுரு விழுந்துடுமா? வாங்க, மாடியப் பாக்கலாம்."

"நீ போப்பா. எனக்கு முட்டி வலி."

"சரி, சீக்கிரமா ஒரு முடிவு சொல்லுங்க. சாயங்காலம் வேற ஆளு வர்றாங்க." கைப்பேசி கூப்பிட, பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டான்.

அவள் உள்ளே வந்தாள். அறை நடுவில் நின்றாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். வாசற்படி எந்தப் பக்கம் என்று பார்த்தாள். பிறகு நேராக அவர் நின்ற மூலையைப் பார்த்தாள்.

"நகருங்க."

"இங்க ஒண்ணுமில்ல."

"பூச்சு வேலையிலயே தலை நரைச்ச மனுஷன். காயாத பெயிண்ட்ல யாராவது சாய்வாங்களா?"

நகர்ந்தார். நல்லது கெட்டதுக்கென்று வைத்திருந்த ஒரே சட்டை, முதுகு முழுக்க வெள்ளை. அந்த மூலைக்கு மட்டும் காலையில்தான் இன்னொரு தடவை அடித்திருக்கிறார்கள். அதையும் இவர் முதுகில் எடுத்துக்கொண்டதால், சுவரில் கறை இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

அவள் விறுவிறுவென்று வெளியே போவதற்காகக் காத்திருந்தார்.

அவள் குனிந்து அந்தக் கறையில் உள்ளங்கையை வைத்தாள்.

"கெட்டிக்காரி," என்றாள். "ஜன்னல் வெறும் ஓட்டையா இருக்குறப்ப இந்த ஒரு மூலையிலதான் காத்து அடிக்காது. நானா இருந்தாலும் இங்கதான் வெச்சிருப்பேன்."

"இன்னொருத்தி அடுப்பு வேணாம்னியே?"

"இவளா இன்னொருத்தி?"

கல்யாணமான நாளிலிருந்து, மகள் தலையெடுக்கிற வரைக்கும், அவர் பூசிக்கொண்டிருந்த வீடுகளில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். சிமெண்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் காவலாக. ஏதாவது ஒரு மூலையில் மூன்று செங்கல், அதுதான் அவளுக்கு அடுப்பு. மகள் தவழ்ந்ததும் நடந்ததும் அந்த மணலில்தான். சுவர் எழும்பும், கூரை வரும், பூச்சு முடியும். கதவு மாட்டுகிற அன்றைக்குச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு, அஸ்திவாரம் தோண்டிய அடுத்த இடத்துக்குப் போவார்கள். அவருக்கு அது வேலை. வேறொன்றாக அதை அவர் நினைத்ததே இல்லை.

அவள் நிமிர்ந்து முன்னறைக்குப் போனாள். வாசற்கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே தரகன் தட்டினான். "அக்கா? அண்ணே? என்னாச்சு?"

அவள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரம் தட்டட்டும்," என்றாள்.