திருப்தியான தெரு

பத்து நாள் கழித்துத் தண்ணீர் லாரி தெருவுக்குள் நுழைந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். தவமணி அதன் முன்னால் தேங்காய்கூட உடைத்தாள். எல்லோர் கையிலும் அரசு மாட்டிவிட்டிருந்த, நாடி பார்க்கும் திருப்திப் பட்டை பச்சையாக ஒளிர்ந்தது.

மறுநாளே தவமணி குடிநீர் அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், பழையபடி தினமும் தண்ணி விடுங்க. பிள்ளைகளைக் குளிப்பாட்டக்கூட முடியல."

அதிகாரி திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"தினமும் விட்டப்ப உங்க பட்டை ஒருநாள்கூடப் பச்சையானதில்லம்மா. நாள் தள்ளத் தள்ளத்தான் உங்களுக்குச் சந்தோசம் கூடுது. ஊர்லயே உங்க தெருதான் முதலிடம். இனி இருபது நாளைக்கு ஒருக்கா விடச் சொல்லி உத்தரவே வந்துருச்சு."

தவமணி தெருக்காரர்களை எல்லாம் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். இனி லாரி வந்தால் குலவை கிடையாது, யாரும் சிரிக்கவும் கூடாது என்று முடிவானது.

அடுத்த லாரி வந்தபோது எல்லோரும் எழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். காய்ந்து கிடந்த குடத்துக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை இறுக்கினாள்.

அவள் கையிலிருந்த பட்டை இதுவரை பார்த்திராத பச்சையில் எரிந்தது.