கதவில் ஒட்டிய சீட்டு

வத்சலாவின் கணவர் சேர்த்ததெல்லாம் எழுத்தாளர்களும் ஓவியர்களும் யார் யாருக்கோ கையெழுத்துப் போட்டு எழுதிய கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடித்தாள் உறை. அவர் இறந்ததும், உயிலில் சொன்னபடி நூலகத்துக்காரர்கள் வந்து அத்தனையையும் பெட்டிகளில் அடுக்கினார்கள். காலி அலமாரியைத் தூக்கப் போனவர்களை வத்சலா நிறுத்தினாள். கடிதங்களைத் தொடும்போது கணவர் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். அவள் விரல்களுக்கு அவை தொளதொளவென்று இருந்தன. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டை, ஓரம் கிழியாமல் பிளேடால் மெல்ல நெம்பி எடுத்தாள். "வத்சலா, எதையும் தொடாதே" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

"அது எதுக்கும்மா?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"எனக்குன்னு அவரு எழுதினது இது ஒண்ணுதாங்க," என்றாள். "அந்தக் கண்ணாடித்தாள் உறை ஒண்ணு மிச்சம் இருக்குமா?"